எட்டரைக்கும் ஆறுக்கும் நடுவே

ஒரு முழங்காலின் விலை நாள் ஒன்றுக்கு முப்பத்தெட்டு யூரோ. தலைக்கும் காப்பு வேண்டுமென்றால், ஹெல்மெட்டுக்கு இன்னும் ஆறு. டிரோல் பனிமலையில், கேபிள் கார் நிலையத்தை ஒட்டிய வாடகைக் கடையில் நோட்புர்கா பத்தொன்பது குளிர்காலமாக இதைத்தான் விற்கிறாள். பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைக்குக் காசு கொடுப்பதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் விலை அந்தப் பூட்டுக்கு.

காலணியை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பூட்டு. விழுந்தால் விட்டுவிட வேண்டும், விழாதபோது விடக் கூடாது. இறுக்கத்தை ஒரு திருகும் அதன் பக்கத்தில் தெரியும் ஓர் எண்ணும் தீர்மானிக்கும்; எண் கூடக் கூட இறுக்கம் கூடும். வயது, உயரம், எடை, சறுக்கும் விதம் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். சறுக்கும் விதத்தில் பயந்து போகிறவர் ஒன்று, பாய்ந்து போகிறவர் மூன்று. ஆண்கள் அத்தனை பேரும் மூன்றுதான். எடையில் மட்டும் எல்லோருக்கும் அடக்கம் வந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படியொரு போலி மூன்று விழுந்தான். பூட்டு விடவில்லை, கால் முறிந்தது. படிவம் அவளைக் காப்பாற்றியது, ஊர்வாய் காப்பாற்றவில்லை. "புர்கா திருகினா, கால் போச்சு" என்றார்கள். அதற்குப் பிறகு அவள் காகிதத்தைப் படிப்பதை விட்டு ஆளைப் படிக்க ஆரம்பித்தாள். இன்னொரு கால் முறிந்தால் அவள் பெயரும் சேர்ந்து முறியும்.

பிப்ரவரியில் ஒரு காலை எர்ஹார்ட் என்பவர் வந்தார். ஐம்பது வயது, முன்னே தள்ளிய தொப்பை.

"ஒரு நாளைக்கு ஸ்கீ வேணுங்க. என்னோடது நேத்து குடில் வாசல்ல திருட்டுப் போச்சு."

சொந்த ஸ்கீயே இல்லாதவர்கள் எல்லோருக்கும் அது குடில் வாசலில்தான் திருட்டுப் போகும்.

"ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல இங்க 'நீங்க' கிடையாது. எல்லாரும் 'நீ'தான்," என்றாள் நோட்புர்கா.

"தெரியும். நாக்கு வரமாட்டேங்குதுங்க."

சமவெளிக்காரன், சந்தேகமே இல்லை. எடை எண்பத்து நான்கு என்று எழுதினார். சறுக்கும் விதம்: மூன்று. பிறகு அவள் எடுத்துக் கொடுத்த ஸ்கீயைத் தோளில் போடாமல், பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா சறுக்கற?"

"நடக்கக் கத்துக்கிட்டதிலேர்ந்து."

"நடக்க எப்பக் கத்துக்கிட்ட, போன வாரமா?"

அவர் சிரித்தார். கோபப்படாமல் சிரித்தது அவள் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. அவர் சொன்ன கணக்குக்குப் பூட்டின் எண் எட்டரை வர வேண்டும். அவள் படிவத்தில் எட்டரை என்று எழுதினாள். திருப்புளியால் ஆறில் நிறுத்தினாள். பயந்தவர்களுக்கான எண். தராசில் கட்டைவிரலை வைத்தாலும், வாங்குகிறவன் நன்மைக்குத்தானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

மதியம் மீட்புப் படைக்காரன் ஒருவன் அதே ஸ்கீயைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான்.

"இதைப் போட்டிருந்தவன் செங்குத்தான கறுப்புச் சரிவுல முழு வேகத்துல வந்தான். அப்படி ஒரு வளைவை இந்த வருஷம் நான் பார்க்கல. நடு வளைவுல ஸ்கீ தானா கழண்டுச்சு. காறையெலும்பு போச்சு."

அவன் போனதும் கடைக்காரன் ஃபின்சென்ஸ் பூட்டின் எண்ணைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான், பிறகு கதவைச் சாத்தினான்.

"திருப்புளி உன் பையிலதான இருக்கு?"

"இருக்கு."

"நான் காபி போடப் போறேன். திரும்பி வர்றப்ப எட்டரைன்னு இருந்தா, காலையிலேர்ந்தே அது எட்டரைதான்."

அரைச் சுற்று போதும். ஊர் வாயும் அடைபடும். அவள் திருப்புளியைத் திருகில் வைத்தாள். கதவு திறந்தது. கையைக் கட்டுத் துணியில் கழுத்தோடு தொங்கவிட்டபடி எர்ஹார்ட் நின்றார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணுங்க. எடையைத் தப்பா எழுதிட்டேனோன்னு பார்க்க வந்தேன். நீதிமன்றத்துக்காகச் சரிவு விபத்துகளை ஆராயறதுதான் என் வேலை. பூட்டுக் கேஸ்ல பாதி, படிவத்துல எழுதினவன் சொன்ன பொய். நானே அதைச் செஞ்சிருந்தா வெட்கக்கேடு."

வேவு பார்க்கிறாரா, உண்மையாகவே தன்னைத்தான் சந்தேகப்படுகிறாரா? அந்த முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை.

"அதனாலதான் எல்லாரையும் 'நீங்க'வா?"

"'நீ'ன்னா ஒரு பக்கம் சாஞ்சவன்னு சொல்லிடுவாங்க."

"ஸ்கீயைப் பிள்ளை மாதிரி தூக்கினது?"

"தோள்ல ஆபரேஷன். வலது பக்கம். இப்ப இடதும் கணக்குல சேர்ந்துடுச்சு."

உள்ளே ஃபின்சென்ஸ் கோப்பைகளை வேண்டுமென்றே சத்தமாக வைத்தான். அவள் திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்கீயை எண் தெரியும்படி திருப்பினாள்.

"உங்க எடை சரி. பொய் எழுதினது நான். நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

'நீங்க' தானாக வந்துவிட்டதை அவள் கவனித்தபோது நேரம் கடந்திருந்தது. அவர் எண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

எட்டரையை அடித்துவிட்டு அவள் எழுதினாள்.

அவர் சொன்னது: மூன்று. மெய்.
நான் எழுதியது: எட்டரை. பொய்.
நான் வைத்தது: ஆறு.
சேதம்: காறையெலும்பு ஒன்று.
பாக்கி: என்னுடையது. நோட்புர்கா.