நங்கநல்லூர் ஹோமத்தில் காண்டாமிருகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான். ஆனால் முழுத் தப்பும் என்னுடையது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். அதில் பாதி, ஹோமம் பண்ணிவைத்த வேம்பு வாத்தியாருக்குச் சேரும்.

என் மருமகள் ஷ்ரேயா காண்டாமிருகத்தின் சாணத்தை ஆராய்ச்சி செய்கிறாள். இதை இப்படிப் பட்டென்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கல்யாணத்தில் யார் கேட்டாலும், "என்விரான்மென்ட்ல இருக்கா" என்று சமாளித்தேன். "வெளி மனுஷா முன்னாடி அந்தச் சாணிப் பேச்சு வேண்டாம்மா" என்று அவளிடமும் சொல்லிவைத்தேன். நல்ல பெண், வெளியில் வாயைத் திறக்கமாட்டாள். அதையெல்லாம் சேர்த்துவைத்துச் சாப்பாட்டு மேசையில் கொட்டுவாள். ரசம் சாதத்துக்கு நடுவே காண்டாமிருகம் வந்துவிடும். அதற்குக் கண் மந்தமாம், மூக்குதான் எல்லாமாம். அந்தப் பக்கத்துக் காண்டாமிருகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய்ப் போட்டுவிட்டு வருமாம். அடுத்து வருவது மோந்து பார்த்து, வந்தது யார், ஆணா பெண்ணா, என்ன சமாசாரம் என்று தெரிந்துகொள்ளுமாம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது.

போன மாதம் அஸ்ஸாமிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். போன வருஷ வெள்ளம் வடிந்த பிறகு அந்த மிருகங்கள் எந்தப் புல்லைத் தின்று பிழைக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். மூன்று மாதம் சேற்றில் நடந்து சேர்த்தது. மழைக்காலத்துக்காகக் காட்டைச் சாத்திவிட்டார்கள், திரும்பப் போய் எடுக்க முடியாது. ஆராய்ச்சியை ஒப்படைக்க வேண்டியதோ அடுத்த மாதம். எல்லாவற்றையும் தட்டையாக அமுக்கி, எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பால்கனியில் காயவைத்துப் பையில் போட்டாள். "அம்மா, இங்கே வேற எதையும் வெச்சுடாதேங்கோ" என்றாள்.

வைத்தேன். அன்று காலை எங்கள் வீட்டில் கணபதி ஹோமம். ஹோமத்துக்காக வடக்கு மாட வீதியில் வாங்கிய பசுஞ்சாணி வரட்டிப் பொட்டலத்தை அந்தப் பைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வேறு எங்கே வைப்பது? இருப்பது ஒரு பால்கனி. ஹோமம் நன்றாகவே நடந்தது. கிளம்பும்போது வாத்தியார், "மிச்ச வரட்டியை எடுத்துக்கட்டுமா மாமி? அடுத்தது நங்கநல்லூர்ல ஒரு கிரகப்பிரவேசம்" என்றார். நான் அடுப்படியிலிருந்தே, "பேஷா எடுத்துக்கோங்கோ, பால்கனில இருக்கு" என்றேன். என் தாராள மனசு எனக்கே பிடித்திருந்தது.

பத்து நிமிஷம் கழித்து ஷ்ரேயா பால்கனிக்குப் போனாள். வரட்டிப் பொட்டலம் இருந்தது. பையைக் காணோம். அவள் கத்தவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

வாத்தியாரின் போன் அணைந்திருந்தது. அவர் வீட்டு மாமியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் அங்கமுத்து, "கத்திப்பாராவுல ஜாம் ஆகிக்கீது. இன்னாம்மா அவ்ளோ அவசரம்?" என்றார். ஷ்ரேயா என் முகத்தைப் பார்த்தாள்.

"என் மாட்டுப்பொண்ணோட மூணு மாச உழைப்பு எரியப் போறது" என்றேன்.

"அப்டின்னா கெட்டியா புடிச்சுக்கினு ஒக்காரு" என்று வண்டியைச் சந்துக்குள் விட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹோம குண்டத்தில் நெருப்பு ஏறியிருந்தது. கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். வாத்தியார் அவர்கள் வாங்கிவைத்த வரட்டியையும் எங்கள் பையையும் ஒன்றாகக் கொட்டிக் குவித்துவிட்டார். இரண்டு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது அவர் கையில்.

"சொல்லுடி" என்றேன்.

ஷ்ரேயா வாசற்படியிலேயே நின்றாள். "எப்படிம்மா? வெளி மனுஷா முன்னாடி வேண்டாம்னு நீங்கதானே..." என்று மெல்லச் சொன்னாள். கண் நிரம்பிவிட்டது. அந்த நேரத்திலும் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாளே.

"வாத்தியாரே, நிறுத்துங்கோ" என்றேன். "அது பசுஞ்சாணி இல்லை. காண்டாமிருகத்தோடது."

வாத்தியார் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். வீட்டுக்காரப் பெண் மேகலா எழுந்து வந்து, "இதுல எது எதுன்னு எப்படிம்மா பிரிக்கிறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்றாள்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலின் முன்னால் உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்து ஓரத்தில் உடைத்தேன். "பசு அசை போடும். அதனால அதோடது மாவாட்டம் இருக்கும். காண்டாமிருகம் யானைக்கு உறவுன்னு நெனச்சுக்காதேங்கோ, குதிரைக்குத்தான் உறவு. அசை போடாது. புல்லுத் தண்டு அப்படியே நிக்கும், இதோ பாருங்கோ."

மேகலா ஒன்றை உடைத்துப் பார்த்து, "தண்டு இருக்கு" என்று இந்தப் பக்கம் வைத்தாள். அவள் நாத்தனாரும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையில் ஐந்து பேர் சாணி பிரித்துக்கொண்டிருந்தோம். வாத்தியார் நல்ல நேரம் போகிறது என்று முணுமுணுத்தார், யாரும் காதில் வாங்கவில்லை. நாற்காலியிலிருந்த ஒரு மாமா, "அதோட கொம்பு மருந்துக்கு ஆகுமாமே?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால் ஷ்ரேயா பதில் சொன்னாள். "ஆகாது மாமா. நம்ம நகமும் அந்தக் கொம்பும் ஒரே சமாசாரம்தான். நகத்தைக் கடிச்சா ஜுரம் போயிடுமா?"

கூடமே சிரித்தது. "யாரும்மா இந்தப் பொண்ணு?" என்றாள் மேகலா.

"எங்காத்து மாட்டுப்பொண்" என்றேன். "காண்டாமிருகச் சாணியை ஆராய்ச்சி பண்றா."

ஷ்ரேயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எரிந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் பைக்குள் வந்திருந்தது. ஆனால் அவள் பையைப் பார்க்கவில்லை.

"அம்மா, அந்தத் தண்டு விஷயத்தை நான் ஒரே ஒரு தடவைதானே சொன்னேன்?"

"ஒரு தடவை சொன்னாப் போறாதா?"

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், அந்தச் சாணிக் கையாலேயே என் பட்டுப்புடவையை இறுக்கிப் பிடித்தபடி. நான் கையை விலக்கவில்லை.