தொகுசோ படுத்திருந்த பாய்

வசந்தகாலத் துப்புரவு நாள். ஒசாகாவில் எங்கள் வரிசைவீட்டுக்காரர்கள் எல்லோரும் தரைப்பாய்களைத் தெருவில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தோம். பிளேக் பரவிய காலம் அது. காவலர் வந்து பார்த்து, வீடு சுத்தம் என்று கதவில் சீட்டு ஒட்டியாக வேண்டும்.

பக்கத்து வீட்டு ஓஷிகே ஒரு பாயை மட்டும் எடுக்கவில்லை. அதில் அவள் கணவன் தொகுசோ கால் புண்ணோடு மாதக்கணக்காகப் படுத்திருந்தான்.

"அதையும் எடும்மா," என்றார் காவலர்.

"வேணாங்க ஐயா," என்றான் தொகுசோ. "என் கால் அழுகி நாறுது. வெளிய வந்தா தெருவே மூக்கைப் பொத்தும்."

காவலர் இடுப்பு வாளைக் கழற்றி ஓஷிகேயிடம் கொடுத்துவிட்டு, பூட்சையும் கழற்றினார். நானும் அவருமாக அவனைத் தூக்கிவந்து வெயிலில் உட்காரவைத்தோம். பிறகு பாயைப் புரட்டி, அடிப்பலகையைப் பெயர்த்தார். அடியில் இருந்த குழியில் அழுகிய எலி ஒன்று கிடந்தது. அதை இடுக்கியால் எடுத்துப் பரிசோதனைக்கு டப்பாவில் போட்டு, குழியில் சுண்ணாம்பைக் கொட்டினார்.

தொகுசோ குனிந்து தன் காலை முகர்ந்தான். "அடியே, நாறினது நானில்லடி!"

"அட பாவமே, எலிக்காகவா இத்தனை கட்டு மாத்தினேன்!" ஓஷிகே அழுதுகொண்டே சிரித்தாள்.

சீட்டு ஒட்டிய காவலருக்குத் தொகுசோ நெற்றி தரையில் படும்படி வணங்கினான்.

"உள்ள தூக்கிட்டுப் போயிடலாமா?" என்று கேட்டேன்.

"இருப்பா," என்றான். "எல்லார்கிட்டயும் கொஞ்சம் பேசிட்டு வரேன்."