ஊரைச் சொல்லாத மொழிபெயர்ப்பாளர்

இலங்கைத் தமிழர் இருவர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் முதல் கேள்வி, “ஊரில எவடம்?” என்பதுதான். ஒக்லாந்தில் டெயரி என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலும் கேட்பார்கள், செத்தவீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் கேட்பார்கள். அதைக் கேட்காதவன் எதையோ மறைக்கிறான் என்பது சறோஜாவின் கட்சி. அன்று ஒக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் ஒரு சமூக நிலையத்தின் மாடி அறையில் அப்படி ஒருவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வணக்கம் சொன்னான், தண்ணீர்ப் போத்தலை நகர்த்தி வைத்தான், ஊரை மட்டும் கேட்கவில்லை.

அவன் மொழிபெயர்ப்பாளன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி மரியான், சர்வதேச நிபுணர் குழுவின் விசாரணையாளர். போரின் கடைசி நாட்களில் சரணடைந்து காணாமற்போனவர்களைப் பற்றிக் கண்ணால் கண்ட சாட்சிகளைத் தேடி நாடு நாடாகத் திரிகிற குழு அது. அதே நகரின் நியூ லின்னில் சுப்பர்மார்க்கெட் கவுண்டரில் வேலை செய்யும் சறோஜா அப்படியொரு சாட்சி. அவளுடைய அண்ணன் கிளறன்ஸ் சரணடைந்ததையும், ஆமி அவனை பஸ்ஸில் ஏற்றியதையும் அவள் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

சொல்லிவிடலாம்தான். ஆனால் தங்கை சுதர்ஷிகா இன்னும் மன்னாரில் பிள்ளைகளோடு இருக்கிறாள். வெளிநாட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் அங்கே சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை தட்டியிருக்கிறார்கள்.

“தம்பி, ஊரில எவடம்?” என்று சறோஜாவே கேட்டாள்.

அவன் மரியானின் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் ஒப்புவித்தான். மொழிபெயர்ப்பாளரின் பெயர், ஊர் எதையும் சொல்வதில்லை, அது உங்கள் பாதுகாப்புக்காகவும்தான் என்று மரியான் சொல்ல, அதையும் தமிழில் தந்தான்.

சறோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலைத் தாழ்த்தினாள். “இதை அவவுக்குச் சொல்லாதேங்கோ. வவுனியாவே, யாழ்ப்பாணமே?”

‘அவவுக்குச் சொல்லாதேங்கோ’ என்பதையும் சேர்த்து அவன் மரியானுக்குச் சொன்னான்!

அறையில் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவனுடைய வேலை விதி. பாவம், நேர்மையாகத்தான் செய்தான். சறோஜாவுக்கோ அந்த நேர்மைதான் பயத்தைக் கிளப்பியது. இங்கே ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கிறவன் வெளியே போய் வேறு யாருக்கு ஒப்புவிப்பானோ? அவன் தமிழும் வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. எந்த ஊரின் வாடையும் அதில் இல்லை. சொந்தத் தமிழையே ஒளித்து வைத்திருக்கிறவனை எப்படி நம்புவது?

“உங்கள் அண்ணனைக் கொண்டுபோனதை நேரில் பார்த்தீர்களா?” என்று மரியானின் கேள்வி தமிழில் வந்தது.

“இல்லை. நான் ஒண்டும் பாக்கேல்லை. ஆக்கள் சொல்லித்தான் தெரியும்.”

அவன் பேனா நின்றது. அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு மொழிபெயர்த்தான். மரியான் எழுதினாள், வாசித்துக் காட்டினாள், சறோஜா கையெழுத்து வைத்தாள். படியிறங்கும்போது அண்ணனைத் தானும் ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டதாக உணர்ந்தாள்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அவன் ஓடிவந்தான்.

“அக்கா, ஒரு நிமிஷம். நீங்கள் பாத்தனீங்கள். பாக்கேல்லை எண்டு சொல்லேக்க உங்கட முகம் சொல்லிச்சுது.”

“ஆர் அனுப்பினது உங்களை?”

“ஒருத்தரும் இல்லை. நான் முல்லைத்தீவு. என்ர அப்பாவையும் அண்டைக்குத்தான் பஸ்ஸில ஏத்தினவங்கள். கண்ணால கண்ட ஆள் ஒருத்தராவது வருமெண்டுதான் இந்த வேலைக்கே வந்தனான்.” இப்போது அவன் தமிழில் கடற்கரை வாடை அடித்தது. “நானும் காணாமற்போனவரின்ர பிள்ளை எண்டு தெரிஞ்சால் என்னை வேலையால கலைச்சுப்போட்டு, நான் மொழிபெயர்த்ததையும் தள்ளிப்போடுவினம். அதாலதான் ஊர் சொல்லேல்லை. மரியான் பின்னேரம் பிளேன் ஏறுறா. திரும்பப் போய்ச் சொல்லுவம், வாங்கோ அக்கா.”

அவன் கண் கலங்கியிருந்தது. சறோஜா அந்தக் கண்ணையே பார்த்தாள். உளவு பார்க்க வந்தவனும் இதே கதையைத்தான் சொல்லுவான். இதே கண்ணீரைத்தான் விடுவான். உண்மையென்றால், அவன் மொழிபெயர்க்கிற சாட்சியம் ஒருநாள் குப்பைக்குப் போகும். பொய்யென்றால், சுதர்ஷிகாவின் கதவு தட்டப்படும். எப்படிப் பார்த்தாலும் அவன் அந்த அறையில் இருக்கக் கூடாது.

“நீங்கள் வீட்டை போங்கோ,” என்றாள்.

“அக்கா…”

“போங்கோ எண்டுறன்!”

அவன் முகம் செத்துப்போயிற்று. மறுத்துவிட்டாள் என்றே நினைத்திருப்பான். ரயில் நிலையப் பக்கமாக நடந்தான். அவன் தலை மறையும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் மறுபடி படியேறினாள்.

மரியான் பையை மூடிக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளரைத் தேடி சறோஜாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“நோ மேன்,” என்றாள் சறோஜா. “ஒன்லி மீ.”

அவளுடைய ஆங்கிலம் கவுண்டர் ஆங்கிலம். பை வேணுமா, பற்றுச்சீட்டு வேணுமா என்பதோடு முடிந்துவிடும். மகளே அதைக் கேட்டுச் சிரிப்பாள்.

“ஐ டெல் லை. ஐ சோ. மை பிரதர், ஐ சோ.” தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

மரியான் பையைக் கீழே வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். சறோஜா தேதியைச் சொன்னாள், இடத்தைச் சொன்னாள், பஸ்ஸின் நிறத்தைச் சொன்னாள். அதற்கு மேல் சொல் வரவில்லை. எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கிளறன்ஸ் நடந்த மாதிரியே, குனிந்தபடி கதவுவரை நடந்தாள். ஏறுவதற்குக் காலைத் தூக்கியபோது ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அவனும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தான்.

மரியானின் விரல்கள் நின்றுவிட்டன.

“யூ ரைட்,” என்று எழுதச் சொன்னாள் சறோஜா, கையை இறக்காமலே. “நொட் ஒன்லி பிரதர். ஃபாதர்ஸ் ஆல்சோ. மெனி ஃபாதர்ஸ்.”