டிரம்மின் ஒரு சுற்று

பன்னிரண்டு நிமிடப் படத்தில் ஐந்து இடங்களில், பார்ப்பவர்களின் தலை லேசாக நிமிர்கிறது. ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சென்னையில் குறும்பட விழா நடத்தும் கௌதம் திங்கட்கிழமை போனில் சொன்னது அவ்வளவுதான்.

"படம் நல்லா இருக்கு ஃபீபி. ஹால்ல பத்து பேரை உக்கார வெச்சுப் போட்டோம். அஞ்சு இடத்துல எல்லாருக்கும் ஒரு உலுக்கல். கேட்டா, 'என்னமோ தடுக்கின மாதிரி இருந்துச்சு'ன்றாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணி அனுப்புங்க. இல்லன்னா இந்த வருஷம் போட முடியாது."

ஃபீபிக்கு இருபத்தைந்து வயது. மூன்று வருடமாக ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். கேமரா பிடிப்பது மேல்விஷாரத்துக் காஷிஃப். இருவரும் சேர்ந்து எடுத்த முதல் ஆவணப்படம் இது. அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் டேனரியில், தோல் பதனிடும் மர டிரம்மைப் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிற குர்ஷித்தைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை படத்தைத் திரையிடப்போகிறார்கள் என்று குர்ஷித் லீவு சொல்லிவிட்டார், புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார், கூட வேலை செய்யும் ஆறு பேருக்கும் சேர்த்து ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டார். அவரிடம் போய் 'படம் இல்லை பாய்' என்று சொல்வதை ஃபீபியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கௌதம் குறித்துக் கொடுத்த ஐந்து இடங்களும் குர்ஷித்தின் பேட்டியில் அவள் வெட்டிய இடங்கள். பேட்டியை யாரும் முழுசாகப் போடுவதில்லை. பேசுபவர் யோசிப்பார், மூக்கைத் துடைப்பார், சொன்னதையே மறுபடி சொல்வார். அந்தப் பகுதிகளை எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்ப்பதுதான் வெட்டு. சேர்த்த இடத்தில் முகம் குதிப்பது தெரியாமலிருக்க, மேலே வேறு காட்சியை வைத்து மூடுவார்கள். ஈரத்தோல் கொடியில் தொங்குவது, தள்ளுவண்டி போவது, இப்படி. ஃபீபியும் மூடித்தான் இருந்தாள்.

புதன்கிழமை காஷிஃப் வந்து உட்கார்ந்து ஐந்து இடங்களையும் இருபது தடவை ஓட்டிப் பார்த்தான்.

"வெளிச்சம் மாறுதா?"

"இல்ல."

"பேச்சு பாதியில கட் ஆவுதா?"

"அதுவும் இல்ல. நீயே கேளேன்."

"கேட்டேன். ஒண்ணும் இல்ல. அந்தப் பத்து பேருக்கும் கழுத்து சுளுக்கு போல. தைலம் வாங்கி அனுப்பு."

"பேஜார் பண்ணாதடா."

மூடும் காட்சிகளை மாற்றிப் பார்த்தார்கள். புது வடிவத்தைக் கௌதமுக்கு அனுப்பினார்கள். அதே ஐந்து இடங்களில் தலைகள் நிமிர்ந்தன. ஆனால் அதே படத்தை டேனரியில் குர்ஷித்தின் ஆட்கள் ஆறு பேருக்குப் போட்டுக் காட்டியபோது ஒருவரும் அசையவில்லை. ஃபீபியின் குழப்பம் இன்னும் ஜாஸ்தியானது.

வியாழன் மதியம் அவள் அம்மா பொன்மலர், வேலூரில் ஆஸ்பத்திரி ராத்திரி டியூட்டி முடித்து வந்து, உள்ளறையில் நல்ல தூக்கத்தில் இருந்தாள். நர்ஸ் வேலையில் பகல் தூக்கம் பழகிப்போன ஆள். தெருவில் மைக் கட்டினாலும் எழுந்திருக்க மாட்டாள். அவள் திடீரென்று எழுந்து வாசல் வரை வந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலயே."

"இன்னாமோ ஆச்சு. சட்டுனு முழிப்பு வந்துச்சு."

ஃபீபி காதைத் தீட்டினாள். எதுவும் கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டேனரியில் தோல் மாற்றுவதற்காக டிரம்மை நிறுத்தியிருந்தார்கள்.

"டிரம் நின்னுடுச்சும்மா."

"அதானே பார்த்தேன்" என்று பொன்மலர் திரும்பப் படுக்கப் போனாள்.

பேட்டி எடுத்ததும் அந்த டிரம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என்பது ஃபீபிக்கு நினைவு வந்தது. காஷிஃபுக்குப் போன் போட்டு, கல்யாண மண்டபத்துக்கு எடுத்துப்போகும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த, கனத்த சத்தங்கள் வராது. அதோடு கல்யாண வீடியோவில் மண்டபத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்கள், ஆகவே பேச்சுக்குப் பின்னால் இருக்கும் சத்தத்தைக் கவனிக்கும் பழக்கம் அவர்கள் இருவருக்குமே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், பிறந்த நாளிலிருந்து அந்த டிரம் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குர்ஷித்தின் ஆட்களுக்கும் அப்படித்தான்; அவர்கள் படம் பார்த்தபோது நிஜ டிரம்மே பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பெரிய பெட்டியில் போட்டதும் கேட்டது. குர்ஷித்தின் குரலுக்கு அடியில், தூரத்தில், 'தொம்'. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'தொம்'. காஷிஃப் போனில் நேரம் பார்த்தான். எட்டு விநாடிக்கு ஒன்று, அச்சு மாறாமல்.

இருவரும் டேனரிக்கு ஓடினார்கள். குர்ஷித் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"பாய், டிரம் ஏன் எட்டு விநாடிக்கு ஒருக்கா தொம்முனு அடிக்குது?"

"அடிக்குதா?"

"அடிக்குது பாய். நின்னு கேளுங்க."

அவர் நின்றார். தோல் மாற்றி முடிந்து டிரம் மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு இருக்கும் மரப் பீப்பாய். அதைச் சுற்றிலும் ஓர் இரும்புப் பல்வளையம். மோட்டாரோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரம் அந்த வளையத்தைத் தள்ளித்தள்ளிப் பீப்பாயைச் சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு எட்டு விநாடி.

தொம்.

"ஓ, அதுவா!" குர்ஷித் சிரித்தார். "ரிங்ல ஒரு பல்லு போய்ட்டுது. சின்னச் சக்கரம் அந்தச் சந்துல விழுந்து எழும். எனக்கும் ஒரு பல்லு போய்ட்டுது, பாரு. ரெண்டு பேரும் டைமுக்கு வேலைக்கு வர்றோமா இல்லயா?"

"வர்றீங்க பாய்."

"ஞாயித்துக்கிழம படம் கரெக்டா போடுவாங்கல்ல, டைரக்டரம்மா? சட்டை தைச்சு வந்துடுச்சு."

ஃபீபி காஷிஃபை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

வீட்டுக்கு வந்து முதல் வெட்டை அளந்தாள். பதினொரு விநாடியை எடுத்திருந்தாள். அந்தப் பதினொன்றோடு ஒரு 'தொம்'மும் போய்விட்டது. அதற்கு முந்தைய தொம்முக்கும் பிந்தைய தொம்முக்கும் நடுவே பதினாறு விநாடி இருந்திருக்கும். அதில் பதினொன்று போனால் ஐந்து. எட்டில் வரவேண்டிய சத்தம் ஐந்திலேயே வந்துவிட்டது. படம் பார்ப்பவருக்கு 'தொம்' தனியாகக் கேட்பதில்லை. ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் உடம்பு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. படிக்கட்டில் ஒரு படி மட்டும் குட்டையாக இருந்தால் கால் தடுக்குமே, அது போல. மேலே எந்தக் காட்சியை வைத்து மூடினாலும் இது மூடாது.

குரலை விட்டுவிட்டுத் தொம்மை மட்டும் அழிக்க அவர்களுக்கு வழியில்லை. இரண்டும் ஒரே மைக்கில் பதிவானவை. ஆகவே பதினொன்றுக்குப் பதில் எட்டை மட்டும் எடுத்தாள். மூன்று விநாடி படத்துக்குள் திரும்பி வந்தது. அந்த மூன்றில் குர்ஷித் பேசவில்லை. உள்ளங்கையை லுங்கியில் துடைத்து, கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு ஆரம்பிக்கிறார்.

"இதை ஏன் வெட்டின?" என்றான் காஷிஃப்.

"பேச்சு இல்லன்னு."

"நல்ல ஆளு நீ."

மற்ற நான்கையும் அப்படியே செய்தாள். ஓரிடத்தில் பதினாறு எடுத்தாள், ஓரிடத்தில் இருபத்துநாலு. படம் முப்பது விநாடி நீண்டது. வெள்ளி காலை அனுப்பிவைத்தாள்.

நாலரை மணிக்குக் கௌதமின் போன். "படத்தை இதுவரைக்கும் பார்க்காத எட்டு பேரை உக்கார வெச்சேன். ஒருத்தர் தலையும் அசையல. ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக் காட்சியில ரெண்டாவது படம் உங்களோடது. இன்னா மாத்துனீங்க? காட்சி எல்லாம் அப்படியேதான இருக்கு?"

ஃபீபி மேசையில் தான் எழுதி ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்துப் படித்தாள்.

"டிரம் சத்தம் விழுற பேட்டியில, வெட்டி எடுக்கிற துண்டு முழுச் சுற்றா இருக்கணும் சார். எட்டு விநாடி, இல்லன்னா பதினாறு, இல்லன்னா இருபத்துநாலு."