புதுவாயல் சக்கரம்

பெருமை பேசக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபாதர் சொல்வார். சரியென்று கேட்டுக்கொள்வேன். திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் பேச ஆரம்பித்துவிடுவேன். பேசாமல் என்ன செய்வது? மெட்ராஸிலிருந்து கல்கத்தா போகிற ரோட்டில், புதுவாயல் கூட்டுரோட்டில், லாரி பட்டறைகளுக்கு நடுவே தூண்டில் ரீல் சர்வீஸ் செய்கிற கடை எங்களுடையது ஒன்றுதான். நான் சொல்வது எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கதை. அப்போது எங்கள் பக்கத்தில் ரீல் என்றால், நூல்கண்டா சினிமாவா என்று கேட்பார்கள்.

தூண்டில் ரீல் என்பது கம்பில் மாட்டுகிற சின்ன இயந்திரம். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே பெரிய பல்சக்கரம் சின்னச் சக்கரத்தை ஓட்டும், நைலான் நரம்பு சுருண்டு ஏறும். பெரிய மீன் இழுத்தால் நரம்பு அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க ஒரு பிரேக்கும், அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகும் உண்டு. வெளிநாட்டு ரீல் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பழவேற்காட்டு உப்புத் தண்ணீரில் ஒரு வருஷம் போனால் பித்தளைப் பல் தேய்ந்து, பிரேக்கின் தோல் வாஷர் ஊறிப் போய் வழுக்கும். புது ஸ்பேர் வாங்கலாமென்றால் இறக்குமதிக்குத் தடை.

அந்த இடத்தில்தான் நாங்கள் நுழைந்தோம். என் வீட்டுக்காரர் பாக்கியராஜ் பழைய கப்பல் புஷ்ஷை உருக்கிய வெண்கலத்தில் சக்கரம் வெட்டுவார். தோல் வாஷருக்குப் பதில் லாரி கிளட்ச் லைனிங்கை வட்டமாக நறுக்கிப் போட்டோம். கழற்றுவது, கழுவுவது, கிரீஸ் வைத்து மாட்டுவது எல்லாம் நான். கல்யாணத்துக்கு முன் கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் மிஷின் ரிப்பேர் பார்த்தவள். எண்ணெய் தங்குவதற்குச் சக்கரத்தில் மூன்று சின்னத் துளை போடச் சொன்னதும் நான்தான். அவர் முதலில் முறைத்தார். போட்டுச் சுற்றிப் பார்த்தபிறகு முறைக்கவில்லை.

எங்கள் இருவர் வீட்டிலும் பெரியவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். விளைந்ததை ஒருநாளும் தங்களுடையது என்று சொன்னதில்லை. இது நாங்கள் செய்தது என்று கையில் எடுத்துக் காட்ட எங்களுக்கு முதன்முதலாக வாய்த்தது அந்தச் சக்கரம்தான்.

ஆனால் அதைச் சொல்ல விடவில்லை ராஜமாணிக்கம். மெட்ராஸில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தவர். கப்பல்காரர்கள் மூலம் எப்போதாவது அசல் ஜப்பான் ஸ்பேர் அவருக்குக் கிடைக்கும். அது போதாமல் எங்களிடம் சக்கரம் வாங்கிப் போய், அதையும் ஜப்பான் என்றே விற்றார். எங்கள் சக்கரத்தில் ஓர் எழுத்து அடித்து விற்க வேண்டும் என்று கேட்டேன்.

“உள்ளூர் மாடு வெல போவாதும்மா கிரேஸ். ஜப்பான்னா கண்ண மூடிக்கினு வாங்கறான். புதுவாயல்னா, அது எங்க கீதுன்னு கேப்பான்.”

“கேட்டா வழி சொல்லுங்க மொதலாளி. பஸ் நிக்குது,” என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு முகத்துவாரத்தில் தூண்டில் கிளப்புக்காரர்கள் கூடுகிறார்கள். எழுத்து அடித்த சக்கரம் போட்ட ரீல் ஒன்று அங்கே இறங்கும். தாக்குப் பிடித்தால் இனி எங்கள் பெயரிலேயே விற்பது. இல்லாவிட்டால் எழுத்து என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

இரும்புக் கடையில் எழுத்துப் பதிக்கிற பஞ்ச் இங்கிலீஷில்தான் கிடைக்கும். எங்களுக்குப் புதுவாயலின் ‘பு’ வேண்டும். பாக்கியராஜ் எஃகுக் கம்பியில் அரம் போட்டு அவரே செதுக்கினார். அடித்துப் பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்தது. உலகத்துக்கே சக்கரம் வெட்டுகிற மனுஷனுக்கு அது தோன்றவில்லை. மறுபடி திருப்பிச் செதுக்கினார்.

ரீல் சடகோபன் சாருடையது. திருவள்ளூர்க்காரர், மின்சார வாரியத்தில் இன்ஜினீயர். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். தூண்டிலில் மீன் பிடிப்பார், வாயில் வைக்க மாட்டார். கம்பு வீட்டுக்குள் வந்தால் அவர் அம்மா தலைமுழுகிவிடுவார் என்பதால், அது வருஷம் முழுக்க எங்கள் கடையிலேயே குடியிருந்தது. எழுத்தடித்த சக்கரம் என்று சொல்லியே போட்டோம், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். ரீலைக் கொடுக்கும்போது, “புது பிரேக்கு சார், பாதி திருகினா போதும்,” என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

காலைப் பூசை முடித்து, நாஷ்டாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, பொன்னேரி போய் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். மணல்திட்டில் தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பொம்பளை நான் ஒருத்திதான். எல்லாரும் பார்த்தார்கள், நானும் திருப்பிப் பார்த்தேன்.

சடகோபன் சார் இறால் கோத்து வீசினார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்பு வில்லாய் வளைந்தது. தூரத்தில் ஒரு பெரிய கொடுவா மீன் தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறியது. அடுத்த நொடி டப்பென்று சத்தம், கம்பு நிமிர்ந்துவிட்டது. மீனும் போச்சு, நரம்பும் போச்சு.

“அவ்ளோதான்,” என்றார் ராஜமாணிக்கம். “நான் சொன்னேன் இல்ல. பேஜாரு வேணாம்மா, ஜப்பானாவே இருக்கட்டும்.”

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. “அறுந்தது நரம்பு மொதலாளி, சக்கரம் இல்ல,” என்று சொல்லிவிட்டுத் துண்டை மணலில் விரித்து உட்கார்ந்தேன். எல்லார் முன்னாலும் ரீலைத் திறந்தேன். ஒரு பல்கூட முனை மழுங்கவில்லை. வாஷர் வைத்தது வைத்தபடி இருந்தது. பிரேக் திருகு மட்டும் கடைசி வரை இறுகிக் கிடந்தது.

சடகோபன் சார் குனிந்து பார்த்தார். “தப்பு என்னோடதுதான் கிரேஸம்மா. பழைய வாஷர் வழுக்கிண்டே இருக்கும், முழுசாத் திருகினாத்தான் நிக்கும். வருஷக்கணக்கா அப்படியே பழகிட்டேன். நீங்க சொன்னது மனசுக்குத் தெரியறது, கைக்குத் தெரியலை.”

சொன்னாரே, அதற்காகவே அவருக்கு ஒரு கொடுவா கிடைக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பாக்கியராஜ் மீன் ஏலக்காரரிடம் ஸ்பிரிங் தராசு வாங்கிவந்து கொக்கியில் நரம்பைக் கட்டினார். சாரை வழக்கம்போல் திருகச் சொல்லி இழுத்தோம். முள் நரம்பின் பலம் வரை ஏறியும் ரீல் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய வாஷராக இருந்தால் எப்போதோ வழுக்கியிருக்கும். எங்களுடையது பிடித்த பிடியை விடவில்லை, அதனால்தான் நரம்பு அறுந்தது. திருகைத் தளர்த்தித் தளர்த்தி, நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தாலே விட்டுக்கொடுக்கும்படி வைத்தோம்.

“இனிமே அந்தத் திருகுமேல கை வெக்காதீங்க சார்,” என்று பாக்கியராஜ் சொன்னார்.

வெயில் உச்சிக்கு வரும்போது இன்னொன்று மாட்டியது. முதலில் போனதைவிடப் பெரியது. ஆற்றுவாய்ப் பக்கம் ஓடியது, ரீல் சர்ரென்று பாடிக்கொண்டே நரம்பை விட்டது. நின்றது, சார் சுற்றினார். மறுபடி ஓடியது, மறுபடி விட்டது. அவர் கை இரண்டு தடவை பழைய பழக்கத்தில் திருகுப் பக்கம் போனது. “சார்,” என்றேன், இழுத்துக்கொண்டார். படகுக்காரர்கள் இறங்கி அந்தக் கொடுவாவைச் செவுளில் கை கொடுத்துத் தூக்கியபோது நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுதேன் என்று பாக்கியராஜ் சொல்வார். வெயில் என்று நான் சொல்வேன்.

கிளப்பில் மோசஸ் என்று ரிட்டயரான ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “இன்னா சாமான் சார் உள்ள? எந்த நாடு?”

“புதுவாயல்,” என்றார் சடகோபன் சார்.

“அதுக்கே இப்டின்னா என்னுது ஜப்பான் சக்கரம், இன்னும் ஜோரா புடிக்கும். தோ நிக்கிறாரே மொதலாளி, இவரு கடைல வாங்கினதுதான்.”

ராஜமாணிக்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுங்க பாக்கலாம்,” என்று வாங்கித் திறந்தேன். செம்மஞ்சள் வெண்கலம், மூன்று துளை. பாக்கியராஜ் எட்டிப் பார்த்து, “நான் வெட்னது,” என்று மட்டும் சொன்னார்.

மோசஸ் முகம் சிவந்தது. “ரெண்டு வருசமா ஜப்பான் ஜப்பான்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தேனே மொதலாளி. ஒரு நாளாவது வாயத் தொறந்தியா நீ?” என்று ராஜமாணிக்கத்தைப் பார்த்துக் கத்தினார். பிறகு சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கோபம் பாதியில் நின்றது. “நல்லாத்தான் பா கீது. இதுலயும் அந்த எழுத்த அடிச்சிக் குடு.”

பாக்கியராஜ் பையிலிருந்து பஞ்சையும் சுத்தியலையும் எடுத்தார். படகு நங்கூரத்தின் மேல் சக்கரத்தை வைத்து, பல் படாத இடத்தில் ஒரே அடி. அதைப் பார்த்து இன்னொருவர் தன் ரீலைக் கொண்டுவந்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். திறக்கத் திறக்க எங்கள் சக்கரம்தான். இத்தனை ரீல்களுக்குள் நாங்கள் பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எல்லாரும் போனபிறகு ராஜமாணிக்கம் துண்டின் முன்னால் உட்கார்ந்து தன் சொந்த ரீலை நீட்டினார். இவருக்கென்ன, அசல் ஜப்பானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மூடியைக் கழற்றினேன். மூன்று துளை.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். “அசலே கெடைக்கிற ஆளாச்சே மொதலாளி நீங்க.”

“அத விக்கறதுக்கு வெச்சிருக்கேம்மா,” என்றார். “எனுக்கு மீன் புடிக்கணும் இல்ல.”

பாக்கியராஜ் சுத்தியலை என் கையில் கொடுத்தார். அந்த ஒன்றை மட்டும் நான் அடித்தேன், கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.