கண் வைக்காத படம்

1

முதலே சொல்லிப்போடுறன். இது நான் யோசிச்சு உண்டாக்கின கதை இல்லை. நான் வாடகை வான் ஓடுறனான். போன மாசம் பள்ளிக்கூடத்திலை ஏ.எல். சித்திரம் படிக்கிற பிள்ளையள் பத்துப் பேரையும் அவையின்ரை ரீச்சரையும் ஏத்திக்கொண்டு போனன். சுவர்ப் படங்கள், சிலையள், படம் கீறுற ஆக்களின்ரை வீடுகள் எல்லாம் பாத்துக் கொப்பியிலை எழுதோணுமாம். அண்டைக்குக் கண்டதை ஒருத்தரிட்டையும் சொல்ல ஏலாமல் கிடக்கு. அதாலைதான் எழுதுறன். பேருகளும் ஊருகளும் மாத்தியிருக்கு. (ஏனெண்டு பிறகு விளங்கும்.)

2

தொடக்கம் மூண்டு தரம் எழுதினன்.

"பருத்தித்துறைக் கடற்கரையில் கதிரவன் தன் பொற்கதிர்களை..." வேண்டாம். அண்டைக்கு மழை மப்பு.

"கலை என்பது ஒரு சமூகத்தின்..." உது ரீச்சர் வானுக்கை சொன்னது. என்ரை இல்லை.

"சுபாஜினிக்கு அப்பாவின்ரை முகம் மறந்துபோகத் தொடங்கியிருந்தது." இது சரி. இதிலையிருந்து போவம்.

3

சுபாஜினிக்குப் பதினெட்டு வயசு. உடுப்பிட்டிப் பிள்ளை. தேப்பன் யோகநாதன், அவளுக்கு ஒன்பது வயசிலை பிரான்சுக்குப் போனவர். ஞாயிறுக்கு ஞாயிறு போன் எடுப்பார். அந்த நேரம் மூண்டு மாசமாய் அதுவும் இல்லை. கேட்டா, தாய் குணலட்சுமி "அவருக்கு வேலை கூட, பிள்ளை" எண்டுவா. அவவுக்கும் வேறை ஒண்டும் தெரியாது.

காலமை அவள் சந்தோசமாய்த்தான் இருந்தவள். பருத்தித்துறையிலை ஒரு மதிலிலை வான் நீளத்துக்கு ஒரு மீன் கீறியிருந்தது. மயூரதன் எண்ட வாய்க்காரப் பெடியன் அதுக்குக் கிட்டப் போய் செவுளைப் பிரிச்சுப் பாக்கிற மாதிரிப் பாத்துப்போட்டு, "ரீச்சர், இது நேத்தையான் மீன். வாங்காதேங்கோ" எண்டான். எல்லாரையும்விடக் கூடச் சிரிச்சது சுபாஜினிதான்.

4

பின்னேரம் கோப்பாயிலை குகதாசன் எண்ட ஓவியரின்ரை வீடு. முந்திக் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டினவர். இப்ப கூடுதலாய்ச் செத்த ஆக்களின்ரை படம். வெளிநாட்டிலை இருக்கிறவை வாட்சப்பிலை போட்டோ அனுப்புவினம், இவர் பெரிசாய்க் கீறிக் குடுப்பார். சாமிக்குச் செய்யிற மாதிரியே மனிசருக்கும் கண்ணைக் கடைசியாய்த்தான் வைப்பாராம். அதாலை அங்கை நிண்ட படத்திலை மூக்கு இருக்கு, மீசை இருக்கு, கண் இருக்கிற இடம் வெறும் தோல் நிறம்.

"அண்ணை, உவர் ஆரைக் காணப் பயந்து கண்ணில்லாமல் நிக்கிறார்?" மயூரதன்தான்.

"பொறும் தம்பி, வெள்ளிக்கிழமை வைச்சுவிடுறன். பிரான்சிலை, பரிஸ் நகரத்திலை, முப்பத்தொராம் நாள் சடங்குக்கு வேணுமாம், ஒரு ஆள் பிளேனிலை கொண்டு போறார். பாவம், இரண்டு மாசம் ஆசுப்பத்திரியிலை கிடந்து செத்த மனிசன். அங்கையிருந்து பெஞ்சாதிதான் போட்டோ அனுப்பினவ. இந்தா, இடப்புருவத்திலை தழும்பு. இதை மட்டும் எடுத்துவிடட்டாம்."

சொல்லிக்கொண்டு தூரிகையை எடுத்தார்.

சுபாஜினி தழும்பைப் பாத்தாள். புருவத்தை இரண்டாய்ப் பிரிச்ச வெட்டு. தேப்பனுக்கும் அதே வெட்டு, சின்னனிலை கிணத்துக்கட்டிலை விழுந்து வந்தது. அவரின்ரை மடியிலை இருந்து அதை விரலாலை தடவித் தடவி நித்திரையானவள். பெஞ்சாதியோ? அம்மா வீட்டிலை எல்லோ நிக்கிறா?

"எடுக்காதேங்கோ!"

எல்லாரும் திரும்பிப் பாத்தினம்.

"ஏன் பிள்ளை?"

"அது... அவரின்ரைதானே."

"உமக்கு ஆளைத் தெரியுமோ?"

"இல்லை."

[இந்த "இல்லை"யை நான் வாசலிலை பிளேன்ரீக் கோப்பையோடை நிண்டு கேட்டனான். அவள் ஏன் அப்பிடிச் சொன்னவள் எண்டு விளங்கப்படுத்தி ஒரு பெரிய பந்தி எழுதினன். வாசிச்சா பொய்யாய்க் கிடந்தது. வெட்டிட்டன்.]

5

இனி முடிவு. இதிலைதான் நான் மாட்டுப்பட்டது.

ஒரு முடிவு: ஓவியர் போட்டோவை மாறிப்போட்டார், தேப்பன் சுகமாய் இருக்கிறார். எனக்கு இதுதான் விருப்பம். ஆனா படத்துக்குப் பின்னாலை பென்சிலாலை முழுப்பேரும் ஊரும் எழுதியிருந்தது. சுபாஜினி பின்னாலை போய் வாசிச்சவள். அவள் முகம் போன போக்கைப் பாத்து நானும் போய் வாசிச்சன்.

இன்னொரு முடிவு: அவள் வீட்டுக்கு ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடிச்சு... இல்லை. அவள் ஓடேல்லை. வந்து வானிலை முன் சீற்றிலை இருந்தாள். ரீச்சரும் மற்றப் பிள்ளையளும் ஒவ்வொருத்தராய் இறங்கின பிறகுதான் வாய் திறந்தாள்.

"மாமா, அது எங்கடை அப்பா."

பிறேக்கைப் போட்டு ஓரத்திலை நிப்பாட்டினன்.

"செத்ததைச் சொன்னா போட்டோ அனுப்பின அந்த மனிசியையும் சொல்லோணும், மாமா. சொல்லாட்டி அம்மா இல்லாத ஆளுக்குப் பொட்டு வைச்சுக்கொண்டு இருப்பா. நான் என்ன செய்ய?"

எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. "தெரியேல்லை பிள்ளை" எண்டன். அதைவிட நல்லதாய் ஒரு வசனம் இதிலை எழுதலாமெண்டு எத்தினையோ நாள் யோசிச்சன். வரேல்லை.

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லப்படாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினன். (பேர் மாத்தினது இதாலைதான். எண்டாலும் எழுதிப்போட்டன். பிழைதான்.)

6

அவளின்ரை வீட்டு ஒழுங்கை. தாய் கேற்றைத் திறந்துகொண்டு வந்தா. நெத்தியிலை குங்குமம். நான் அதைப் பாக்க ஏலாமல் ஸ்ரியறிங்கைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

"என்ன பிள்ளை, படமெல்லாம் பாத்தனீங்களோ? அப்பா போன் எடுத்தா ஒண்டும் விடாமல் சொல்லு. அவருக்கு உதுகள் எண்டா நல்ல விருப்பம்."

சுபாஜினி நிண்டாள். நான் வானைத் திருப்பினன்.

இதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. அவளை இரண்டு தரம் றோட்டிலை கண்டனான், கேக்கேல்லை. உண்டாக்கி எழுதவும் மாட்டன். வாசிக்கிற நீங்கள் ஒருக்கா வானாலை இறங்கி அந்தக் கேற்றடியிலை நில்லுங்கோ. தாய் உங்கடை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா. "ஏன் பிள்ளை பேசாமல் நிக்கிறாய்?" எண்டு கேக்கிறா.

என்ன சொல்லுவியள்?