மூலைச் செடி

இரும்புச் சட்டி காய்ந்ததும் வேலம்மா கொழுந்தை அள்ளிப் போட்டு வெறுங்கையால் புரட்டினாள். கரண்டி ஆகாது என்பார் லிம் முதலாளி. இலை வாடும் பதம் விரலுக்குத்தான் தெரியுமாம். அவருக்கென்ன, வேகிறது அவர் விரலா? சீனாவிலிருந்து விதை கொண்டுவந்து, பர்மாவில் இந்தத் தாகேதா ஓடைக்கரை மேட்டில் தேயிலை போட்ட மனுஷன். எல்லாச் செடிக்கும் ஒரே மாட்டுச் சாணம், ஒரே இலைமக்கு. ஆனாலும் மூலைச் செடி மட்டும் மதமதவென்று வளர்ந்து நின்றது. அதன் கொழுந்தைத் தனியாக வறுக்கச் சொல்வார். கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றினால் இளம்பச்சையாக இறங்கும். குடித்த பிறகும் நாக்கடியில் இனிக்கும். பால் இல்லாமல் இது என்ன தண்ணி என்று முதலில் முகம் சுளித்தவள்தான் வேலம்மா. இப்போது அதில் ஒரு கோப்பை உள்ளே போகாவிட்டால் அவளுக்குப் பொழுதே விடியாது. தோட்டவேலை பார்க்கும் அவள் புருஷன் செல்லையா மட்டும் அதை வாயில் வைத்ததில்லை. வேண்டாம் என்பான், அதோடு சரி.

முதல் மழைக்கு மண் இளகியிருந்தது. மூலைச் செடியை வேர் அறாமல் ஆழத் தோண்டி, பொழுது சாய்வதற்குள் என் வீட்டு வாசலருகே நட்டுவிடு என்றார் முதலாளி. காலால் இட்ட வேலையைத் தலையால் செய்கிற செல்லையா, மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"அந்தச் செடி மட்டும் வேணாம் முதலாளி."

முதலாளிக்குச் சுருக்கென்றது. நீ வெட்டாவிட்டால் வெட்ட ஆளா இல்லை என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு, ஆள் கூட்டிவரப் போனார்.

வேலம்மா சட்டியை இறக்கிவிட்டு மழையில் ஓடினாள். சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்கிறானே இந்த மனுஷன் என்று அவளுக்கு ஆத்திரம். செடியை மறித்து உட்கார்ந்திருந்தான் செல்லையா. அந்த முகத்தை அவள் இதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறாள். பால்குடி மறக்காத மகள் காய்ச்சலில் போன அன்று. அன்றும் மழை. பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போவதில்லை. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கரை இடுகாட்டுக்கென்று கிளம்பியவன், போன சுருக்கில் திரும்பிவிட்டான். அழுகையில் அவள் அதைக் கேட்கவில்லை.

"சம்பான் படகுக்காரன் வரமாட்டேன்னுட்டான், புள்ள. ஓடையில அம்புட்டு வெள்ளம். செடி நட வெட்டின குழி இங்க இருந்துச்சு. உங்கிட்டச் சொல்ல வாய் வரல."

வேலம்மா சேலைத் தலைப்பால் நாக்கை அழுந்தத் துடைத்தாள். காலையில் குடித்த இனிப்பு நாக்கில் இன்னும் இருந்தது. அது பிடித்திருந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மண்ணுக்குள்ளாவது நிம்மதியாகக் கிடக்க விடாமல், பெற்றவளே நாள் தவறாமல் கிள்ளியிருக்கிறாள். ஐயோ, மகளே.

மண்வெட்டிகளோடு ஆட்கள் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். முதலாளி முன்னால் வந்தார்.

"நான் சொல்லிக்கிறேன் அவர்கிட்ட," என்றாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "தல எந்தப் பக்கம் வச்சீங்க?"

செல்லையா அவள் காலடியைக் காட்டினான். கொழுந்து கிள்ள அவள் தினமும் நிற்கிற இடம். வேலம்மா வெடுக்கென்று காலைத் தூக்கினாள். தூக்கிய காலை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல், மழையில், ஒற்றைக்காலில் நின்றாள்.